நீராவிப் புதினங்களும் நம் இளைஞரும்

பெங்களூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் கையில் ஒருவகை ஆங்கிலப் புதினங்களைக் காண்கிறோம். அட்டையில் பற்சக்கரங்களும் பித்தளைக் குழாய்களும் நிறைந்திருக்கும். கரும்புகை சூழ்ந்த வானில் வான்கப்பல் ஒன்று மிதக்கும். முகத்தில் தழும்பேறிய சிறுமி ஒருத்தி நம்மை நோக்கி நிற்பாள். பெற்றோர் சிலர் நூலை வாங்கி நான்கு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளுக்கு இவ்வளவு இருட்டு எதற்கு?" என்று கேட்டு மூடிவைத்து விடுகின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை கூறுமுன் இந்நூல்கள் எவை, எவ்வாறு தோன்றின, எதைப் பேசுகின்றன என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். அவ்வாறு அறியப் புகுந்தால், அவ்விருட்டின் ஒரு பகுதி நம் பெங்களூரைச் சுற்றியே கிடப்பதையும் காண்போம்.

இவ்வகைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டீம்பங்க்' என்று பெயர். ஸ்டீம் என்றால் நீராவி. பங்க் என்பது போக்கிரி, அடங்காதவன் என்று பொருள்படும் கொச்சைச் சொல். கணிப்பொறிகளையும் அவற்றின் நிழலில் வாழும் போக்கிரிகளையும் பற்றி 1980-களில் எழுந்த கதைகளுக்குச் 'சைபர்பங்க்' என்ற பெயர் வழங்கிற்று. கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளரும் அவர் நண்பர்களான டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் ஆகியோரும் அக்காலத்தில் விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தை ஒட்டி விந்தைக் கதைகள் எழுதிவந்தனர். அவற்றுக்கு ஒரு பெயர் வேண்டி, ஜீட்டர் 1987-இல் 'லோக்கஸ்' என்னும் இதழுக்கு எழுதிய கடிதத்தில் விளையாட்டாக இச்சொல்லைப் படைத்தார். விளையாட்டுப் பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் நாம் இவற்றை நீராவிப் புதினங்கள் என்று வழங்குவோம்.

மின்சாரமும் பெட்ரோலும் உலகை ஆளாமல் நீராவியும் பற்சக்கரமுமே ஆண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே இக்கதைகளின் தொடக்கம். இது வெறுங்கற்பனை அன்று. சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1820-களிலேயே பற்சக்கரங்களாற் கணக்கிடும் எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். அரசாங்கம் பணம் கொடுத்தது, எந்திரம் முடிந்தபாடில்லை, 1842-இல் அரசாங்கம் கையை விரித்துவிட்டது. பிற்காலத்தில் அவர் வரைந்துவைத்த இரண்டாம் எந்திரத்தின் படங்களைக் கொண்டு இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையினர் 1991-இல் அதனைச் செய்து பார்த்தபோது அது செம்மையாகக் கணக்கிட்டது! ஆகவே அவர் காலத்திலேயே அது நிறைவேறியிருந்தால் என்று கேட்பது வீண்கேள்வி ஆகாது. வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990-இல் வெளியிட்ட 'டிஃபரன்ஸ் எஞ்சின்' என்னும் புதினம் அக்கேள்வியிலிருந்தே பிறந்தது.

நீராவியின்மீது இளைஞருக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு என்பதற்கு நாம் ஒரு காரணம் கருதுகிறோம். நீர் கொதித்து ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அவ்விரிவு உருளைக்குள் இருக்கும் தண்டைத் தள்ள, தண்டு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வளவே செய்தி. பத்து வயதுப் பிள்ளைக்கும் கண்ணால் கண்டமாத்திரத்தில் விளங்கும். இன்றைய பெங்களூர்ப் பிள்ளைகளுக்கோ தந்தையோ தாயோ கணிப்பொறியின் முன் நாள் முழுதும் அமர்ந்து என்ன செய்கின்றனர் என்பது விளங்குவதில்லை. கைப்பேசியைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே அசைவது ஒன்றுமில்லை. கஸ்தூரிபா சாலையில் 1962-இல் திறக்கப்பெற்ற விசுவேசுவரய்யா தொழில்நுட்பக் காட்சிச்சாலையின் எஞ்சின் கூடத்தில் பிள்ளைகள் மெய்ம்மறந்து நிற்பதும் இதனாலேயே போலும். காரணமும் காரியமும் அங்கே ஒளியாமல் நிற்கின்றன.

இனி, இருட்டைப் பார்ப்போம். இவ்வகையில் இளைஞருக்கென எழுதப்பட்டவற்றுள் தலைசிறந்தது என்று நாம் கருதுவது பிலிப் ரீவ் என்னும் ஆங்கிலேயர் 2001-இல் வெளியிட்ட 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' ஆகும். அறுபது நிமிடத்தில் உலகை அழித்த ஒரு போருக்குப் பின், பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து நிகழ்வது கதை. நகரங்கள் எல்லாம் எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டு நிலத்தின்மேல் ஓடுகின்றன. பெரிய நகரம் சிறிய நகரத்தைத் துரத்திப் பிடித்து விழுங்கி, அதன் இரும்பையும் எரிபொருளையும் பிரித்தெடுத்துக்கொள்கிறது. இதுவே இயற்கையின் நீதி என்று பள்ளியிற் பாடமும் நடத்துகின்றனர். இலண்டன் மாநகரம் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. மேலடுக்கில் பூங்காவும் கோயிலும். கீழே, நகரத்தின் குடல் என்று அவர்களே அழைக்கும் பகுதியில், புகையும் அழுக்கும் கைதிகளின் உழைப்பும். மேலடுக்கின் காட்சிச்சாலையிற் பயிற்சி பெறும் டாம் என்னும் சிறுவன், தாயைப் பறிகொடுத்து முகமும் சிதைந்த ஹெஸ்டர் என்னும் சிறுமியைச் சந்திக்கிறான். அவளுக்கு அக்கொடுமையைச் செய்தவர் டாம் தெய்வமாகப் போற்றிய பெரிய மனிதரே என்று அவன் அறியும் இடத்திற்றான் கதை உண்மையில் தொடங்குகிறது.

இதில் வரும் இருட்டு பேய்வீட்டு இருட்டு அன்று. நகரம் ஓடுகிறதே, அதற்கு எரிபொருள் யார் கொடுத்தது என்று கேட்கப் புகுந்தவன் படிக்கட்டில் இறங்கிச் சென்று காணும் இருட்டு அது. பிலிப் புல்மன் 1995-இல் எழுதிய 'நார்தர்ன் லைட்ஸ்' என்னும் நூலிலும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வொருவரின் உயிரும் ஒரு விலங்கின் உருவில் உடன் நடமாடும் உலகம் அது. வடதுருவத்தை அடுத்த ஓர் ஆய்வுக்கூடத்தில் கற்றறிந்த பெரியோர் குழந்தைகளை அவ்விலங்கினின்றும் வெட்டிப் பிரிக்கின்றனர். எல்லாம் குழந்தைகளின் நன்மைக்கே என்றும் சொல்லிக்கொள்கின்றனர். பதினான்கு வயது என்பது, பெரியோர் சொல்வதும் செய்வதும் வேறு வேறு என்று பிள்ளைகள் கண்டுகொள்ளும் வயது. அவ்வயதினருக்கு இக்கதைகள் பிடித்திருப்பதில் வியப்பில்லை.

எல்லா நூல்களும் இத்தரத்தன என்று நாம் சொல்ல வரவில்லை. பித்தளைக் கண்ணாடியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த வீரன் ஒருவன், ஒரு வான்கப்பல், மூன்று கொலைகள் என்று கணக்குப் போட்டுச் செய்தவை மிகப் பல. அவற்றில் எந்திரம் சுவரில் மாட்டிய படம் போன்றதே. அதனை இயக்குபவன் எவன் என்று நூலாசிரியருக்கே கவலையில்லை. இத்தகையவற்றைப் பிள்ளைகள் படிப்பதால் கெடுவது ஒன்றுமில்லை, பொழுதைத் தவிர.

நீராவிப் புதினங்களுக்கெல்லாம் பாட்டனார் என்று சொல்லத்தக்கவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன். அவர் நீராவிக் காலத்திலேயே வாழ்ந்தவர். 1870-இல் வெளிவந்த 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' என்ற புதினத்தில் நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலைச் செலுத்தும் நீமோ யார் என்பது மறைபொருளாகவே இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் குறிப்பு உண்டு. மன்னார்க் கடலில் முத்துக்குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறா தாக்கும்போது நீமோ தம் உயிரைப் பொருட்படுத்தாது கட்டாரியுடன் பாய்ந்து காப்பாற்றுகிறார். அவன் கையில் முத்துப்பை ஒன்றையும் வைக்கிறார். ஏன் இத்தனை இரக்கம்? விடை, ஐந்தாண்டு கழித்து நிறைவுற்ற 'மர்மத் தீவு' என்னும் புதினத்தில் வெளியாகிறது. நீமோ ஓர் இந்திய இளவரசர், பெயர் டக்கார், பண்டேல்கண்டு அரசரின் மகன், 1857 கிளர்ச்சியிற் போரிட்டு, மனைவி மக்களை இழந்து, கடலுக்குள் மறைந்தவர். அவர் திப்பு சுல்தானின் உறவின்முறை மருமகன் என்றும் வெர்ன் எழுதுகிறார்! பண்டேல்கண்டு எங்கே, மைசூர் எங்கே என்று கேட்கலாம். ஆண்டுக் கணக்கும் எளிதில் ஒத்துவராது. முதலில் நீமோவைப் போலந்து நாட்டவராக்கவே வெர்ன் எண்ணியிருந்தார்; உருசிய வாசகர் மனம் புண்படும் என்று பதிப்பாளர் தடுத்துவிட்டார். ஆயினும் வெள்ளையராட்சிக்கு அஞ்சாத ஓர் எந்திர வல்லுநனுக்கு முன்னோர் தேடியபோது, அந்தப் பிரெஞ்சுக்காரரின் நினைவுக்கு வந்தது நம் தேவனஹள்ளியிற் பிறந்தவரின் பெயரே என்பது கவனிக்கத்தக்கது.

அதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. மைசூர்ப் படையின் இரும்புக்குழல் ஏவுகணைகள் ஆங்கிலேயரைத் திகைக்க வைத்தவை. அவற்றைப் பார்த்தே வில்லியம் காங்கிரீவ் இங்கிலாந்தில் தம் ஏவுகணைகளைச் செய்தார். அதனினும் விந்தையானது திப்புவின் புலி. மரத்தாற் செய்து வண்ணம் தீட்டிய இப்பொறியில் புலி ஒன்று வெள்ளையன் ஒருவனைக் கீழே வீழ்த்திக் கழுத்தைக் கவ்வியிருக்கும். கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும்; புலி உறுமும்; அவன் கை உயர்ந்து தாழும்; அவன் வாயிலிருந்து ஓலம் எழும். புலியின் விலாப்புறத்தைத் திறந்தால் உள்ளே வாசிப்பதற்குரிய ஓர் இசைப்பெட்டி! 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது இதனைக் கொண்டுசென்றவர்கள் இலண்டனிற் காட்சிக்கு வைத்தனர். இன்று அந்நகரின் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் இருக்கிறது. திப்புவைப் பற்றிய வழக்குகள் கர்நாடகத்தில் இன்னும் ஓயவில்லை. அவை நம் பொருளன்று. இருட்டும் எந்திரமும் சேர்ந்த கலைப்பொருள் ஒன்று காண வேண்டுமானால் இதைக் காட்டிலும் வேறு எதைக் காட்டுவது?

வெர்ன் நம் நாட்டை வைத்து மற்றொரு புதினமும் எழுதினார். 1880-இல் வெளிவந்த 'நீராவி வீடு' என்பது அது. எஃகினாற் செய்த யானை ஒன்று, துதிக்கை வழியே புகைவிட்டுக்கொண்டு, சக்கரம் பூட்டிய இரண்டு மாளிகைகளை இழுத்துச் செல்கிறது. உள்ளே வெள்ளைக்காரத் துரைமார் விருந்துண்டு வேட்டையாடிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வடக்கே பயணம் செய்கின்றனர். வழியெல்லாம் 1857-இன் இரத்தக் கறை. கதை முடிவில் யானையின் கொதிகலம் வெடிக்கிறது. கட்டுக்கதைதான், ஆயினும் அன்றைய ஆட்சியின் படத்தை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை என்றே தோன்றுகிறது.

யானைப்பொறி தமிழருக்குப் புதிதன்று. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையின் தலைவன் உதயணன், யாழிசையால் மதயானைகளையும் வசப்படுத்த வல்லவன். அவனைப் பிடிக்க விரும்பிய உஞ்சை வேந்தன், காட்டில் பொறியாற் செய்த யானை ஒன்றை நிறுத்தி, வீரரை மறைத்துவைத்து, அவனைச் சிறைப்படுத்துகிறான். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924-இல் அந்நூலைப் பதிப்பித்தபோது முற்பகுதி கிடைக்கவில்லை; இன்றும் நமக்கு இல்லை; எனினும் கதை வடமொழி வழியாகவும் பிற நூல்கள் வழியாகவும் தெளிவாகவே தெரிகிறது. இனி, சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்வோம். அமைச்சன் கட்டியங்காரனை நம்பி நாட்டை ஒப்படைத்த சச்சந்தன், கேடு சூழ்வதை உணர்ந்து மயிலின் உருவில் ஒரு பறக்கும் பொறி செய்விக்கிறான். வலப்புறம் திருகினால் எழும்பும். இடப்புறம் திருகினால் இறங்கும். கருவுற்றிருந்த அரசி விசயை அதில் ஏறித் தப்புகிறாள். கணவன் போர்க்களத்தில் மடிகிறான். மயில் அவளை இறக்கிவிடும் இடம் ஒரு சுடுகாடு. நள்ளிரவில், பிணங்கள் எரியும் ஒளியில், காப்பிய நாயகன் பிறக்கிறான். பறக்கும் எந்திரம், துரோகம், இடுகாடு, தாயைப் பிரிந்து வளரும் சிறுவன்: இன்றைய ஆங்கிலப் பதிப்பாளர் எவரேனும் இக்கதைச் சுருக்கத்தைப் பார்த்தால் உடனே ஒப்பந்தம் அனுப்பிவிடுவார்.

காப்பியத்தோடு நிற்கவேண்டியதும் இல்லை. பெங்களூர் தண்டுப் பகுதியிலிருந்து சோலையார்பேட்டைக்கு 1864-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் வழியே தமிழ்நாட்டுத் தொழிலாளரும் வணிகரும் இங்கே வந்து குடியேறினர். இருப்புப்பாதை மனிதரை மட்டும் கொண்டுவரவில்லை. 1898-இல் கொள்ளைநோயாகிய பிளேக் வடக்கேயிருந்து அதே வழியில் நகருக்குள் நுழைந்தது. வீடுகளை இடித்தனர், மக்கள் பயந்து ஓடினர், மல்லேசுவரம், பசவனகுடி என்னும் அகன்ற தெருக்களுடைய புதுப்பகுதிகள் விரைவாக எழுந்ததற்கு அந்நோயும் ஒரு காரணம். மக்கள் அஞ்சிப் பணிந்த பிளேக் மாரியம்மனுக்கு இன்றும் நகரில் கோயில்கள் இருக்கின்றன. புகைவண்டியில் ஏறி வரும் ஒரு நோய், அதை எதிர்க்க நிற்கும் ஓர் அம்மன். இதற்குமேற் கற்பனை செய்ய என்ன இருக்கிறது?

எல்லாவற்றினும் மேலானது கோலார் தங்கவயல். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஜான் டெய்லர் குழுமத்தார் 1880 முதல் அங்கே எந்திரங்களை நிறுத்தித் தங்கம் எடுத்தனர். மேலே இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த பொறியாளரின் மாளிகைகள், மாதாகோயில், கிளப்பு. கீழே வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், வரிசையாகக் கட்டிய 'லைன்' வீடுகளில். தொடக்கத்தில் நீராவி எந்திரங்களே கூண்டுகளை இறக்கி ஏற்றின. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905-இல்தான். நகரத்துக்கு முன்னே சுரங்கத்துக்கு ஒளி கிடைத்தது. தங்கம் வேண்டியவர்களுக்கு அவசரம் இருந்தது.

சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். மேலேயுள்ள மலையின் பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். தப்பியவர்களையும் கல்தூசு நுரையீரலிற் படிந்து மெல்ல மெல்லக் கொல்லும். அவ்வாழத்திலேயே 1965-இல் நம் அறிவியலார், எதிலும் தடைப்படாமல் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை விண்கதிர்களின் விளைவாகக் கண்டறிந்தனர். எந்தப் புதின ஆசிரியனும் இத்தகைய ஓர் அத்தியாயத்தைத் தானாக எண்ணியிருக்க மாட்டான். 2001 பிப்ரவரியிற் சுரங்கங்கள் மூடப்பட்டன. சயனைடு கலந்த மண்மேடுகள் மட்டும் ஊரைச் சுற்றி நிற்கின்றன. காற்றடித்தால் வீடுகளுக்குள் தூசு வரும். அங்கிருந்து இளைஞர் பலர் மாரிக்குப்பம் வண்டியேறி அன்றாடம் பெங்களூருக்கு வேலைக்கு வந்து திரும்புகின்றனர். ரீவ் படைத்த இலண்டனின் மேலடுக்கும் கீழ்க்குடலும் அவர்களுக்கு உவமையாகத் தோன்றா. திரைப்படத்தார் இதனை முன்பே உணர்ந்துவிட்டனர், பா. இரஞ்சித் 2024-இல் வெளியிட்ட 'தங்கலான்' இம்மண்ணின் கதையை மாயத்தோடு கலந்தே சொல்கிறது.

இனிப் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருவோம். கொலையும் கொடுமையும் நிறைந்த நூல்களைப் பிள்ளைகள் படித்தால் மனம் கெடாதா? வேதாளம் தொங்கிய மரத்தையும் விக்கிரமாதித்தன் தோளிற் சுமந்த பிணத்தையும் அம்புலிமாமாவில் ஒரு தலைமுறை முழுதும் படித்தது. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்த கதையைக் கேட்டே நம் பாட்டிமார் வளர்ந்தனர். 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோதும் படிப்புக் கெடும் என்று வீடுகளில் முணுமுணுப்பு இருந்தது. ஒளித்துவைத்துப் படித்தவர்களே இன்று பொறியாளராகவும் ஆசிரியராகவும் இருக்கின்றனர். ஆயினும் நாம் ஒரு வேறுபாட்டை வற்புறுத்துவோம். கொடுமையைக் காட்டி அதில் சுவை காணச் செய்யும் நூல் ஒன்று. கொடுமைக்கு ஆளானவரின் பக்கத்தில் நம்மை நிறுத்தும் நூல் மற்றொன்று. பெற்றோர் பார்க்கவேண்டியது பக்கத்துக்கு எத்தனை இரத்தம் என்பதை அன்று. கதை யாருடைய கண்ணால் சொல்லப்படுகிறது என்பதையே.

பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றி இந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்த சுஜாதா, 1980-களில் 'என் இனிய இயந்திரா' எழுதியபோது இதனை நன்கு அறிந்திருந்தார். மக்களின் பெயரைக்கூட இரண்டெழுத்தாகக் குறுக்கிவிட்ட ஒரு கொடிய ஆட்சி. அதனுள் நிலா என்னும் எளிய பெண்ணும் ஜீனோ என்னும் எந்திர நாய்க்குட்டியும். நீராவி அதில் இல்லை. இருட்டு நிறைய உண்டு. பள்ளிப் பிள்ளைகள் அதனை விரும்பிப் படித்தனர். எவரும் கெட்டதாகக் கேள்வியில்லை. லாவண்யா லட்சுமிநாராயண் 2020-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலிலும் பெங்களூரே எதிர்காலத்தில், உற்பத்தித் திறனைக் கொண்டு மக்களைத் தரம்பிரிக்கும் நகராக மாறியிருக்கிறது. அது முதிர்ந்த வாசகர்க்கு உரியது.

தொடங்க விரும்புவோர், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' கொடுக்கலாம். முடிவில் நல்லவர்கள் பலரும் இறக்கின்றனர். ஆகவே வீட்டிற் பெரியவர் ஒருவரும் அதனைப் படித்திருப்பது நலம். வெர்னின் 'நீராவி வீடு' பதினைந்துக்கு மேற்பட்டோர்க்கு. 1857-ஐப் பற்றி அவர் எழுதுவதைப் படிக்கும்போது நம்மவர் எழுதிய வரலாற்று நூல் ஒன்றும் பக்கத்தில் இருக்கவேண்டும். சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பிள்ளைகள் தாமே படிக்க இயலாது. மயிற்பொறி வரும் பகுதியை மட்டும் உரையோடு வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் கதையாகவே சொல்லிவிடலாம். சுடுகாட்டுப் பகுதியை விட்டுவிடாமற் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.